பெட்டிக்குக் கோணித் தையல்

ஜெஸி குளித்துவிட்டு வருவதற்குள் பெட்டி கர்ப்பமாகிவிட்டிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் அவளே உட்கார்ந்து அடுக்கிய பெட்டி அது. ஆறு சுடிதார், இரண்டு புடவை, ஒரு போர்வை, வேலைக்குப் போட ஒரு வெள்ளைக் கோட்டு. ஜிப்பை ஒரு விரலால் இழுத்தால் சர்ரென்று ஓடி மூலையில் போய் நின்றது. அந்தச் சத்தத்துக்காகவே இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தாள். இப்போது அதே பெட்டி கூடத்தில் வயிறு புடைத்துக் கிடக்க, அதன் மேல் அவள் அம்மா உபகாரமேரி ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“யம்மா! இன்னா பண்ணிக்கினு இருக்கற?”

“கத்தாத. வந்து அந்தப் பக்கம் ஒக்காரு. நாலு வெரல்தான் மூடல.”

“உள்ள இன்னா வெச்ச?”

“ஒன்னும் வெக்கல. குக்கரு.”

“குக்கரா?”

“சின்ன குக்கருதாண்டி. அத்தோட ரெண்டு டம்ளரு, ஒரு சொம்பு, கொஞ்சம் பருப்பு, முறுக்கு, ஊறுகா. ஒரு கம்பளி. அப்புறம் உங்கப்பா ஸ்வெட்டரு.”

ஒன்றும் வைக்காததற்கே இவ்வளவு. வைத்திருந்தால் வீட்டையே மடித்து உள்ளே போட்டிருப்பாள் என்று ஜெஸி நினைத்துக்கொண்டாள்.

“மலையில கடையே இல்லன்னு உங்கிட்ட எவ சொன்னா? அங்கயும் மனுசங்கதான் இருக்காங்க. அவங்களும் சோறுதான் திங்கிறாங்க.”

“இப்ப பேசுவ. நாளைக்குக் குளுருல வெறச்சிக்கினு கெடக்கறப்பதான் எங்கம்மா வெச்சாளேன்னு நெனப்ப.”

தியாகதுருகத்தை ஒட்டியிருக்கும் அவர்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறினால் கல்வராயன் மலை. மாதா கோயில் மேட்டில் நின்று மேற்கே பார்த்தால் மலை கண்ணுக்கே தெரியும். ஆனால் உபகாரமேரி வாழ்நாளில் போன தூர தேசம் வேளாங்கண்ணி ஒன்றுதான். அதற்கே மூன்று மூட்டை கட்டுகிறவள். மகள் மலைமேல் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த வேலைக்கு, லேப் டெக்னீஷியனாகச் சேரப் போகிறாள் என்றதும் அவளுக்குக் கப்பல் ஏற்றி அனுப்புகிற மாதிரி ஆகிவிட்டது.

ஜெஸிக்கு இது விளையாட்டில்லை. படித்து முடித்து இரண்டு வருஷம் சும்மா இருந்தாயிற்று. பார்க்கிறவர்கள் எல்லாம் ‘இன்னும் வேல கெடைக்கலியா’ என்று கேட்டுக் கேட்டு, அவள் கடைக்குப் போவதையே நிறுத்தியிருந்தாள். வந்த ஆர்டரிலோ கறாராக ஒரு வரி இருந்தது: குறித்த தேதிக்குள் சேராவிட்டால் வேலை, பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். அந்தத் தேதி இன்றைக்குத்தான். நேற்றே போயிருக்கலாம். ‘செவ்வாய்க்கெழம, அந்தோணியார் பூச பாத்துட்டுப் போ’ என்று அம்மா பிடித்த பிடியில் அந்த நாளும் கழிந்தது.

நேற்று போன் போட்டுக் கேட்டபோது, அங்கே எழுத்தராக இருக்கும் கவியரசன் தெளிவாகவே சொல்லியிருந்தார். “டாக்டரம்மா நாளைக்குப் பதினொன்றரைக்கு ஜீப்புல கீழ எறங்கிடுவாங்க, மீட்டிங்கு. அவங்க கையெழுத்து இல்லாம ஜாயினிங் இல்ல. அதுக்கு முன்னால வந்துடுங்க. ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாம் கையில இருக்கணும்.”

கையில்தான் இருந்தன. பச்சை நிறப் பிளாஸ்டிக் ஃபைலில் எல்லாவற்றையும் போட்டு, தோளில் மாட்டும் பெரிய ஹேண்ட்பேக்கில் நேற்றே வைத்துவிட்டாள். ஆறு மணி டவுன் பஸ்ஸில் ஏறினால் கள்ளக்குறிச்சியில் ஏழு மணிக்கு மலை பஸ். ஒன்பதரைக்கெல்லாம் அங்கே போய்விடலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஐந்தே முக்காலுக்கு நிர்மலா அக்கா வந்தாள். எதிர்வீடு. பெட்டியின் சொந்தக்காரி. அவள் மருமகன் துபாயிலிருந்து கொண்டுவந்த பெட்டி. மேலே முட்டை ஓடு மாதிரி கெட்டியான பிளாஸ்டிக், கீழே நாலு சக்கரம். இரவல் கொடுத்த நாளிலிருந்து தினம் ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஜெஸி, பஸ்ஸுல இதும்மேல யாரையும் மூட்ட வெக்க வுடாத. மண்ணு ரோட்டுல உருட்டாத, சக்கரம் தேஞ்சிடும். வெயில்ல வெக்காத, கலரு போயிடும்.” சொல்லிக்கொண்டே வந்தவள் உபகாரமேரி உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். “ஐயோ, எக்கா! எறங்கு! அது இன்னா, கட்டில்னு நெனச்சிக்கினியா?”

உபகாரமேரி பதறி இறங்கினாள். அவள் இறங்கியதுதான் தாமதம். அதுவரை அவள் எடையில் அடங்கிக் கிடந்த கம்பளியும் குக்கரும் ஒன்றாக எழுந்து நிற்க, ஜிப் பட்பட்டென்று பிளந்து பல்லைக் காட்டியது. இழுக்கிற கொக்கி கழன்று உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது.

“எம் மருமவன் இன்னா சொல்லுவாரு?” என்றாள் நிர்மலா அக்கா, அழாத குறையாக.

“நான் போவ மாட்டேன்” என்றாள் ஜெஸி. “போவவே மாட்டேன். எல்லாரும் நல்லா இருங்க.”

“நவுருங்க” என்றார் சவரிமுத்து.

ஜெஸியின் அப்பா அதுவரை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கள்ளக்குறிச்சியில் விவசாயிகள் மக்காச்சோளமும் உளுந்தும் கொண்டுவந்து ஏலம் விடுகிற மார்க்கெட் கமிட்டியில் முப்பது வருஷமாக மூட்டை தூக்குகிறவர். தூக்குவதோடு மூட்டைக்கு வாய் தைப்பதும் அவர்தான். சட்டைப் பையில் பீடி இல்லாத நாள் உண்டு. கோணி ஊசி இல்லாத நாள் கிடையாது.

ஒரு சாண் நீள ஊசியை அவர் வெளியே எடுத்ததும் ஜெஸி பெட்டியைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தாள்.

“யப்பா, வேணாம். இது சாக்கு இல்ல.”

“ஜிப்பெல்லாம் ஒரு பூட்டா? சின்னப் புள்ள கையி வெச்சா தொறந்துக்கும். நான் தெச்சேன்னா எவன் கையும் உள்ள போவாது.”

“அண்ணே, ஓட்ட போட்டுடாத!” என்று நிர்மலா அக்கா குறுக்கே வந்தாள்.

“பிளாஸ்டிக்கத் தொட மாட்டம்மா. ஓரத்துல இருக்குது பாரு துணி, அதுலதான். புதுசா ஜிப்பு வெக்கறப்ப அந்தத் துணியே போயிடும்.”

“குக்கர எடுத்துட்டா போதும்ப்பா. கயிறு போட்டுக் கட்டிக்கலாம்.”

“குக்கர எடுக்கக் கூடாது!” என்று உபகாரமேரி போட்ட கத்தலில் கோழி ஓடியது. அந்தக் கத்தல் கொஞ்சம் அதிகப்படியாக இருக்கிறதே என்று அப்போதே ஜெஸிக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவள் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

சவரிமுத்து முழங்காலைப் பெட்டிமேல் ஊன்றி, தடித்த நைலான் நூலைக் கோத்து, தைக்க ஆரம்பித்தார். குத்தி, வளைத்து, முந்தின வளையத்துக்குள் விட்டு, இழுத்து. விரற்கடைக்கு இரண்டு தையல். பெட்டியின் மூன்று பக்கமும் சுற்றி வருவதற்குள் ஆறு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஊரைத் தாண்டிப் போயிற்று. ஜெஸிக்கு அந்த ஹாரன் நெஞ்சுக்குள் கேட்டது. கடைசி மூலையில் நூலைச் சொருகி மறைத்துவிட்டு, அதன்மேல் சின்னதாக ஒரு சிலுவை வேறு தைத்தார்.

“இது இன்னாத்துக்கு? நேரமாவுது!”

“கையி பழக்கம். இத பாரு பாப்பா, இதப் பிரிக்கறப்ப ஒன்னு ஞாபகம் வெச்சிக்கோ…”

“பிரிச்சிக்கறேன்ப்பா! ஒரு கத்திரிக்கோலு போதும். கெளம்பு!”

ஹேண்ட்பேக்கைத் தோளில் மாட்டும்போது மட்டும் வெளியிலிருந்தே அழுத்திப் பார்த்தாள். கெட்டியாக, பலகை மாதிரி ஃபைல் கைக்குத் தட்டுப்பட்டது. போதும்.

சக்கரம் வைத்த பெட்டியைச் சவரிமுத்து தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார்.

“யப்பா, கீழ வெச்சி உருட்டுப்பா. அதுக்குத்தான் சக்கரம்.”

“உருட்டுனா தேயும்னு அந்தம்மா சொல்லுது இல்ல? இரவல் பொருளு.” துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, ஒரு கையை வீசிக்கொண்டு, மக்காச்சோள மூட்டையைப் போலவே தூக்கிப் போனார். தெருவில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஜெஸி நாலடி பின்தங்கி, வேறு வீட்டுப் பெண் மாதிரி நடந்து போனாள்.

அடுத்த டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியபோது, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஏழு மணி பஸ் போய் வெகு நேரமாகியிருந்தது. அடுத்தது எட்டரை. போய்ச் சேரப் பதினொன்று ஆகும் என்றார் கண்டக்டர். பதினொன்று என்றாலும் அரை மணி நேரம் மிச்சம். ஜெஸி விரல்விட்டு எண்ணிச் சமாதானப்பட்டுக்கொண்டாள்.

சவரிமுத்து பெட்டியைப் பின் சீட்டுக்குப் பின்னால் வைத்தார். அதன்மேல் யாரோ ஒரு மூட்டையைப் போட, அதைத் தூக்கி நகர்த்தி வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

“பாப்பா, அந்தத் தையலு…”

“யப்பா, வேலைக்கு நேரமாவல? நீ போ.”

“இல்லம்மா, ஒரு நிமிசம். அத கண்ட எடத்துல…”

“தெரியும்ப்பா! எல்லாம் தெரியும்! நான் இன்னா சின்னப் புள்ளயா?”

விசில் அடித்தது. சவரிமுத்து வாயை மூடிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கமிட்டிப் பக்கம் நடந்தார்.

ஜெஸிக்குப் பக்கத்தில் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தாள். மலைக்காரி. மடியில் ஒரு கட்டைப்பை, காலடியில் ஒரு கட்டைப்பை, மூன்றாவதை வைக்க இடமில்லாமல் ஜெஸியின் மடியில் வைத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“கொஞ்சம் புடிச்சிக்க பாப்பா. எம் பேரு செல்லியம்மா. நீ எங்க போவற?”

“மலைக்கு.”

“அது தெரியுது. பஸ்ஸே மலைக்குத்தான் போவுது. எந்த ஊரு?”

“ஆஸ்பத்திரிக்கு.”

“ஒடம்புக்கு இன்னா?”

“ஒன்னுமில்ல. வேலைக்கு.”

“நானும் ஆஸ்பத்திரிக்குத்தான். சக்கர. மாசா மாசம் மாத்திர வாங்கணும். அப்பா இன்னா பண்றாரு?”

“கமிட்டியில வேல” என்று சொல்லிவிட்டு ஜெஸி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இன்னும் ஒரு கேள்வி கேட்டால் அழுதுவிடுவாள் போலிருந்தது. செல்லியம்மாள் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். திருப்பின முகத்தைப் பார்த்துவிட்டு, “செரி, தூங்கு” என்றாள்.

கச்சிராயபாளையம் தாண்டுவதற்குள் ஜெஸிக்குத் தண்ணீர் தாகம் எடுத்தது. ஹேண்ட்பேக்கில் கையை விட்டாள். கையில் வந்தது எலுமிச்சம்பழம். அடுத்து ஒரு பிளாஸ்டிக் கவர். வாந்தி வந்தால் எடுக்க. பிறகு அவித்த முட்டை இரண்டு, இஞ்சி மிட்டாய், வேளாங்கண்ணி எண்ணெய் பாட்டில், ஊக்கு குத்தின அட்டை, நிர்மலா அக்கா கொடுத்த ஒரு கொத்து வேப்பிலை. அம்மா பெட்டியை மட்டும் விட்டுவைக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் பாட்டிலைத் தேடி அந்தக் கெட்டிப் பலகையை வெளியே உருவினாள்.

ஃபைல் இல்லை. தினசரி காலண்டர். பங்குக் கோயிலில் கொடுத்தது. அட்டையில் மாதா, கையில் குழந்தையோடு, ஜெஸியைப் பார்த்துப் புன்னகை செய்தாள்.

ஜெஸி பையைக் கவிழ்த்தாள். முட்டை ஒன்று உருண்டு முன் சீட்டுக்கு அடியில் போனது. பச்சை ஃபைல் இல்லவே இல்லை. அம்மாவுக்குப் போன் போட்டாள். இரண்டு கோடு சிக்னல் இருந்தது.

“யம்மா, ஃபைலு எங்க?”

“பத்திரமா இருக்குது. பயப்படாத.”

“எங்கன்னு கேக்கறேன்!”

“பஸ்ஸுல எவனாவது ஹேண்ட்பேக்கத்தானே புடுங்கிக்கினு ஓடறான்? அதான் பெட்டியில வெச்சேன். நடுவுல. தண்ணி பட்டாலும் ஒன்னும் ஆவாது, குக்கருக்குள்ள சுருட்டி வெச்சிட்டேன். காலண்டர எவன் திருடுவான்? உன் ரூம்புல மாட்டிக்கோ.”

குக்கருக்குள். தைத்த பெட்டிக்குள். இரண்டு வருஷப் படிப்பும் வரப்போகிற வேலையும் மூன்று லிட்டர் குக்கருக்குள் மூடி போட்டு உட்கார்ந்திருக்கின்றன.

“அப்பாகிட்ட போனக் குடு. அந்தத் தையல எப்படிப் பிரிக்கறதுன்னு கேக்கணும்.”

“அப்பா போனு இங்கதான் கெடக்குது. மூட்ட தூக்கறப்ப நசுங்கிடும்னு எடுத்துக்கினு போவ மாட்டாரே. ஏண்டி, முட்ட தின்னியா?”

அதற்குள் பஸ் முதல் வளைவில் ஏறிவிட்டது. கோடு இரண்டும் போய்விட்டன.

மேலே ஏறுகிற பாதையில் ஒரு வளைவில் மரவள்ளிக்கிழங்கு லாரி ஒன்று திரும்ப முடியாமல் நின்றுகொண்டிருந்தது. முன்னால் போகவும் வழியில்லை, பின்னால் வரவும் வழியில்லை. டிரைவர் இறங்கி, லாரிக்காரனுக்குக் கைகாட்டி, இந்தப் பக்கம் ஒடி, அந்தப் பக்கம் ஒடி என்று அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து முடிக்கும்போது இருபது நிமிஷம் கரைந்திருந்தது. ஜெஸி இஞ்சி மிட்டாய் முழுவதையும் தின்று தீர்த்தாள். வாந்திக்கு அல்ல, எதையாவது கடிக்க வேண்டும் போலிருந்தது.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கும்போது மணி பதினொன்று பதினெட்டு.

வாசலில் ஜீப் நின்றது. டிரைவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். ஜெஸி பெட்டியைக் கல்லும் மண்ணுமான வழியில் கடகடவென்று உருட்டிக்கொண்டு ஓடினாள். தேயட்டும். நிர்மலா அக்காவின் சக்கரம் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகட்டும்.

கவியரசன் நாற்பது வயது ஆள். அலுவலக மேசையில் சேர்க்கைப் படிவத்தைத் தயாராக வைத்திருந்தார்.

“வாங்கம்மா. இப்பதான் நெனச்சேன். குடுங்க ஒரிஜினல.”

“பெட்டியில இருக்குதுங்க சார்.”

“எடுங்க.”

“தெச்சிருக்குதுங்க.”

அவர் எட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“இது யாரும்மா தெச்சது? போஸ்ட் மார்ட்டம் பண்ணவங்களா?”

வராந்தாவில் மருந்துக்காகக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். கவியரசனே ஓடிப்போய்க் கட்டுத் துணி வெட்டும் கத்தரிக்கோல் கொண்டுவந்தார். ஜெஸி கைக்கு வந்த மூலையில் தொடங்கினாள். நைலான் நூல் வழுக்கியது. கத்தரியின் இரண்டு பல்லுக்கும் நடுவில் புகுந்து, அறுபடாமல் மடங்கியது. பல்லைக் கடித்து அழுத்தி ஒரு தையலை அறுத்தால், அடுத்த தையல் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்று பக்கம். விரற்கடைக்கு இரண்டு. எவன் கையும் உள்ளே போகாது என்று அப்பா சொன்னது பொய்யில்லை. பெட்டியைக் கொண்டுவந்தவள் கையும் போகவில்லை.

டாக்டர் ராதிகா கைப்பையோடு அறையிலிருந்து வெளியே வந்தார்.

“இவங்கதான் புது லேப் டெக்னீஷியனா? கவியரசன், பேப்பர் ரெடியா?”

“ஒரிஜினல் பாக்கணும் மேடம். பெட்டிய… பிரிச்சிக்கினு இருக்காங்க.”

“அஞ்சு நிமிஷம் நிக்கறேம்மா. அதுக்கு மேல முடியாது. மீட்டிங்க விட முடியாது, பாக்காம கையெழுத்தும் போட முடியாது.” கோபமாகச் சொல்லவில்லை. அதுவே ஜெஸிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கத்தரியின் வளையம் கட்டை விரலைச் சிவக்க வைத்திருந்தது. ஏழு தையல் போயிருந்தது. ஏழு! ஜெஸி தரையில் உட்கார்ந்து, குக்கர் வைத்த அம்மாவை, ஊசி எடுத்த அப்பாவை, பெட்டி கொடுத்த நிர்மலா அக்காவை, வளைவில் நின்ற லாரியை எல்லோரையும் மனதுக்குள் வைதாள். வைய ஆள் தீர்ந்தபோது, ‘பாப்பா, அந்தத் தையலு’ என்று ஜன்னலுக்கு வெளியே நின்ற முகம் வந்தது. இரண்டு தடவை சொல்ல வந்தார். இரண்டு தடவையும் வாயை அடைத்தது யார்?

“அங்க இன்னா பண்ணிக்கினு இருக்கற பாப்பா?”

மூன்று கட்டைப்பையோடு செல்லியம்மாள் அப்போதுதான் நடந்து வந்து சேர்ந்திருந்தாள். குனிந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள். அந்தக் கடைசி மூலையில் இருந்த சிலுவையை விரலால் தடவினாள். முகம் முழுக்கச் சிரிப்பாகிவிட்டது.

“அடியே! இது சவரிமுத்து தையல் இல்ல?”

ஜெஸி நிமிர்ந்தாள். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எப்படித் தெரியுமா? எங்க சாமையும் சோளமும் வருசா வருசம் கமிட்டிக்கு எறங்குது. சிலுவ போட்ட மூட்டன்னா அவரு மூட்ட. நீ அவரு மவளா? பஸ்ஸுலயே சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டயா வெச்சிருந்த?” கத்தரிக்கோலைப் பிடுங்கி ஓரமாகப் போட்டாள். “இத எதுக்கு அறுக்கற? ஏவாரி வந்து மூட்டயத் தொறந்து கையி வுட்டுப் பாப்பான், மறுபடி மூடணும். தெனம் நூறு மூட்டைய அறுத்துக்கினா இருப்பாங்க? ஒரே இழுப்புல வர மாரிதான் தெப்பாரு. சிலுவப் பக்கம்தான் தலப்பு. அந்தக் கடைசியில நீ போயி அறுத்துக்கினு ஒக்காந்தா இன்னிக்குப் பூரா அறுக்கணும்.”

சிலுவையின் குறுக்குத் தையலை நகத்தால் நெம்பினாள். அடியில் மறைந்திருந்த நூல் முனை எழுந்து வந்தது. அதை ஜெஸியின் கையில் கொடுத்தாள்.

“இழு. பயந்து பயந்து இழுக்காத.”

ஜெஸி இழுத்தாள்.

கருக்கருக்கென்று பெட்டியைச் சுற்றி ஒரு சத்தம் ஓடியது. நேற்று ஜிப் ஓடின சத்தத்தைவிட வேகம். மூன்று பக்கமும் நொடியில் அவிழ்ந்து, அறுத்துவைத்த ஏழாவது தையலில் வந்து நூல் கையோடு வந்துவிட்டது. அடைத்து வைத்த கம்பளி மூச்சு விட்டு எழுந்தது. மூடி படாரென்று திறந்து, வெள்ளைக் கோட்டும் ஸ்வெட்டரும் உள்பாவாடையும் முறுக்குப் பொட்டலமும் வராந்தாவில் சிதறின. குக்கர் படியில் டங் டங்கென்று இறங்கி ஜீப்பின் முன் சக்கரத்தில் முட்டி நின்றது.

டாக்டர் ராதிகா குக்கரைப் பார்த்தார். ஜெஸியைப் பார்த்தார்.

“மேடம், அதுலதாங்க இருக்குது” என்றாள் ஜெஸி.

“எதுல?”

பதில் சொல்ல நேரமில்லை. ஓடிப்போய்க் குக்கரை எடுத்து மூடியைத் திருகினாள். பச்சை ஃபைல் சுருண்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் பை சுற்றி, அதன்மேல் ஒரு ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தது. கவியரசன் ஒவ்வொரு தாளாக நிமிர்த்திப் பார்த்தார். விட்டால் அது மறுபடியும் சுருண்டுகொண்டது. நாலு மூலையிலும் நாலு பேர் விரல் வைத்து அழுத்த, ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்தே டாக்டர் கையெழுத்துப் போட்டார். மணி பதினொன்று முப்பத்திரண்டு.

“நல்லா வேக வெச்சி எடுத்துக்கிட்டு வந்திருக்கீங்க” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜெஸி வராந்தாவில் இறைந்து கிடந்ததை எல்லாம் அள்ளினாள். யாரும் சொல்லாமலே நாலைந்து பேர் குனிந்து உதவி செய்தார்கள். அதனால் உள்பாவாடை யார் யார் கையிலெல்லாமோ வந்து சேர்ந்தது. பெட்டியில் பாதிக்கு மேல் மறுபடியும் கொள்ளவில்லை. செல்லியம்மாள் நூலைக் கையில் சுற்றிச் சுற்றிக் கண்டாக்கிக்கொண்டிருந்தாள்.

“நல்ல நூலு. நான் வெச்சிக்கட்டா?”

“வேணாங்க. லீவுக்குப் போவறப்ப பெட்டிய மூடணும்.”

“யாரு தெப்பாங்க?”

அதை ஜெஸி யோசிக்கவில்லை.

லேப் அறையைத் திறந்து, மேசையைத் துடைத்து, வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டதும் முதல் ஆளாகச் செல்லியம்மாளே வந்து கையை நீட்டினாள். சர்க்கரை பார்க்க வேண்டும். ஜெஸி ஊசியை எடுத்தாள்.

“உங்கப்பா வெச்சிருக்கறாரே, அந்த ஊசி இல்லியே?” என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள் செல்லியம்மாள்.

ரத்தம் எடுத்து முடிந்ததும் அவள் மூன்றாவது கட்டைப்பையைத் தானே தூக்கப் போனாள். ஜெஸி வாங்கிக்கொண்டு வாசல் வரை கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சாயங்காலம், தண்ணீர் டேங்குக்குப் பின்னால் போய் நின்றால் ஒரு கோடு சிக்னல் வரும் என்று கவியரசன் சொல்லிவிட்டுப் போனார். ஜெஸி போய் நின்றாள். வந்தது.

“யம்மா, சேந்துட்டம்மா.”

“சேராம? ஊறுகா பாட்டிலு ஒடையாம வந்துச்சா?”

“வந்துச்சு. அப்பா இருக்காரா?”

சவரிமுத்து போனை வாங்கினார். மூட்டை இறக்கிவிட்டு வந்த களைப்பு குரலில் இருந்தது. “பாப்பா, காலையிலயே சொல்ல வந்தேன். நீ கேக்கல. அந்தத் தையல அறுக்காத, சிலுவப் பக்கம்…”

“பிரிச்சிட்டன்ப்பா. சிலுவப் பக்கம்தான். இழுத்தேன், வந்துடுச்சி.”

“யாரு சொன்னது?”

“செல்லியம்மான்னு ஒருத்தங்க. தையலப் பாத்தே நீதான்னு சொல்லிட்டாங்க.”

“சாம கொண்டாருமே, அந்தம்மாவா? மூணு பையோட திரியுமே?” சவரிமுத்து சிரித்தார். “அந்தம்மா மூட்டையில கல்லு ஜாஸ்தி, சாம கம்மி. அவங்ககிட்ட சொல்லிடாத.” பிறகு, “நேரத்துக்குப் போனியா?” என்று கேட்டார்.

“போனேன்ப்பா” என்றாள் ஜெஸி. வேறு எதுவோ சொல்ல நினைத்தாள். அதற்குள் உபகாரமேரி போனைப் பிடுங்கியிருந்தாள்.

“ஏண்டி, அந்தம்மாவுக்கு ரெண்டு முறுக்கு குடுத்தியா? காலண்டர மாட்டினியா? நிர்மலா பெட்டியக் கேட்டுக்கினு வாசல்லயே நிக்கறா. சக்கரம் நல்லா இருக்குது இல்ல? அப்புறம் கேளு. ஞாயித்துக்கெழம பஸ்ஸுல அப்பாவ அனுப்பறேன். அரிசி ஒரு மூட்ட, பாய், தலவாணி, அம்மிக்குழவி சின்னதா ஒன்னு இருக்குது…”

“யம்மா, வேணாம்.”

“மிக்ஸிய விட அதுதான் ருசி. அப்பா நல்லா தெச்சி எடுத்துக்கினு வருவாரு…”

ஜெஸி டேங்குக்குப் பின்னாலிருந்து இரண்டடி தள்ளி வந்தாள். அந்த ஒரு கோடும் மறைந்தது.